இன்னொரு தடவை

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் அடுக்குமாடிக்குக் கீழே பெரியவர்கள் தாய் சி பழகுகிறார்கள். மூன்று மாதமாக நானும் போகிறேன். 24 அசைவுகள் கொண்ட எளிய வரிசை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்தது. எனக்கு இன்னும் ஏழாவது அசைவு தாண்டவில்லை.

வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா? இதன் கதையைத் தேடிப் படித்தேன்.

ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, சென்ஜியாகோ என்று ஒரு கிராமம். சென் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தாய் சி பயின்ற ஊர். அங்கே 1887-இல் பிறந்தவர் சென் ஃபாகே. நோயாளிப் பிள்ளை, செல்லமும் அதிகம். 'இந்தக் குடும்பத்தின் பெயர் இவனோடு போச்சு' என்று ஊரார் பேசினார்களாம். உடனிருந்த அண்ணன் முறைப் பையனோ நன்றாகப் பயின்றவன். 'நான் பழகினாலும் அவனும்தானே பழகுகிறான், எப்படி எட்டுவேன்?' என்பதே இவர் கவலை.

ஒருநாள் இருவரும் வயலுக்குப் போகும்போது அண்ணன், "வீட்டில் ஒன்றை மறந்துவிட்டேன், ஓடிப்போய் எடுத்து வா, நான் மெதுவாக நடக்கிறேன்" என்றான். இவர் ஓடிப்போய், ஓடிவந்து சேர்ந்துகொண்டார். அப்போதுதான் பொறி தட்டியது: அவன் ஓய்வெடுக்கும்போது நான் பழகினால் எட்டிவிடலாமே! அன்றிலிருந்து முழு வரிசையையும் நாளுக்கு 30 முறையாவது செய்தார். மூன்று ஆண்டில் அண்ணனை வென்றார். அப்பா ரகசியமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று சந்தேகம் வந்ததாம். ஆனால் அப்பா அப்போது வெளியூரில் வேலையில் இருந்தார். சீடர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது.

1928-இல் அவர் பெய்ஜிங் போனார். 1957-இல் இறக்கும்வரை அங்கேயே கற்பித்தார். சென் குடும்பத்தாரின் முறை அந்நகரில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

உடல் எடை முழுதும் ஒரு காலுக்குப் போன பிறகே மறுகாலை எடுக்க வேண்டும். இது புத்திக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. காலுக்குப் புரியத்தான் மூன்று மாதம் போதவில்லை. சொல்லித்தரும் சீனப் பாட்டி தினமும் என் இடது காலைத் திருத்துகிறார். முகம் சுளிப்பதே இல்லை. "இன்னொரு தடவை" என்பார், அவ்வளவுதான்.

நான் உங்களிடம் அப்படிச் சொன்னேனா? "எத்தனை தடவைடா சொல்றது?" என்றுதான் கத்தினேன். பானிபட் போர் ஆண்டுகள் நினைவில் நிற்காத ஒரு பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். மறுவாரம் முதல் அவன் பள்ளிக்கே வரவில்லை. நானும் போய் விசாரிக்கவில்லை. 1526, 1556, 1761. இன்னும் நான்கு தடவை சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

பெயர் எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும், தம்பி. தப்பு என்னுடையது. ஒரு போன் போடப்பா.

மற்றவர்களுக்கு ஒன்று: இன்றிரவு பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் தடுமாறினால், அந்தப் பாட்டி சொல்வதையே சொல்லுங்கள்.