புளி தேய்த்த கைகள்

இறால் கிள்ளிவிட்டு வந்த என் கையில் அம்மா ஒரு உருண்டைப் புளியை வைப்பாள். மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத வாடை, புளி தேய்த்ததும் அடங்கிவிடும். தூத்துக்குடியிலிருந்து பிழைப்புக்கு வந்து கேரளத்தின் கொச்சியில், இடக்கொச்சியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பேருந்தில் எங்கள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். அந்த வலி எனக்கு இன்றும் ஆறவில்லை.

பின்னாளில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தபோதுதான் அந்த வாடையின் பெயரை அறிந்தேன்: டிரைமெத்திலமைன். உப்புநீரைத் தாங்குவதற்காகக் கடல்மீனும் இறாலும் வாடையே இல்லாத ஒரு பொருளை உடம்பில் வைத்திருக்கின்றன. உயிர் போனதும் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்க, மிஞ்சுவது இந்த அமைன். குளத்துக் கெண்டைக்கு இந்த வாடை இல்லாததற்கும் அதுவே காரணம்; அதன் உடம்பில் அந்தப் பொருள் மிகக் குறைவு. அமைன் காரம், புளி அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பாகிவிடும்; உப்பு காற்றில் ஏறி மூக்குக்கு வராது. இந்த ஊர் மீன்குழம்பில் குடம்புளி செய்யும் வேலையும் இதுதான்.

ஐஸ் வருவதற்கு முன் கொச்சி இறாலைக் காயவைத்துத்தான் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் அனுப்பினார்கள். ஈரம் வற்றினால் பாக்டீரியாவுக்கு வேலையில்லை. 1953-ல் உறையவைத்த இறால் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதன்பின் தண்ணீர் இல்லாமல் தொழில் இல்லை என்றாகிவிட்டது: கழுவத் தண்ணீர், ஐஸுக்குத் தண்ணீர், தரை அலசத் தண்ணீர். பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் இறால் கிள்ளினார்கள். அத்தனை நீரும் தோடு என்று இங்கே சொல்லும் வாய்க்கால் வழியாகக் காயலில் கலந்தது.

அம்மோனியாவையும் மெத்தனாலையும் சேர்த்துத் தொழிற்சாலைகள் செய்யும் டிரைமெத்திலமைனும் இதே மூலக்கூறுதான். கோழித்தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடை அதிலிருந்து தயாரிக்கிறார்கள். எங்கே பிறந்தாலும் அதற்கு முடிவு ஒன்றுபோலத்தான். காற்றில் ஏறியது வெயிலில் சில மணி நேரத்தில் சிதைகிறது. நீரில் கரைந்ததை நுண்ணுயிர்கள் படிப்படியாக உரிக்கின்றன, நாங்கள் இறாலை உரித்ததுபோல: முதலில் டைமெத்திலமைன், அடுத்து மெத்திலமைன், கடைசியில் அம்மோனியா. நீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்த அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகிப் பாசிக்கும் பயிருக்கும் உணவாகும். ஓதம் ஏறி இறங்கும் தோட்டில் இது நடக்கும். அடைபட்ட தோட்டில் நடக்காது. அங்கே சேற்று நுண்ணுயிர்கள் அமைனைத் தின்று மீத்தேன் குமிழிகளை விடும். அம்மோனியா அப்படியே தேங்கி மீன்குஞ்சுகளைக் கொல்லும்.

1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், சுகாதாரம் போதவில்லை என்று இந்திய மீன்பொருள் இறக்குமதிக்குத் தடை போட்டது. அதன்பிறகு தரைக்கு ஓடு வந்தது, கைக்கு உறை வந்தது, திண்ணை வேலை ஓய்ந்தது. ஐரோப்பியர் தட்டுக்குப் போகும் இறாலைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டோம். அதைக் கழுவிய நீரைப் பற்றி அதில் பாதிகூடக் கவலைப்படவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

காயல் இந்த அமைனைச் செரிக்கும். அதற்குக் காற்றும் ஓட்டமும் வேண்டும். ஆலை நடத்துகிறவர்களே, கழுவிய நீரைத் தொட்டியில் தேக்கிக் காற்றூட்டிய பிறகு வெளியே விடுங்கள். ஊர்க்காரர்களே, தோடுகளைத் தூர்வாரி ஓதத்துக்கு வழி விடுங்கள்.