நெறிமுறை மாற்றம்: மரக்காணம் – புதுச்சேரி கடற்கரை

வெவ்வேறு விதிகளின்படி இயங்கும் இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே நின்று, ஒன்றின் செய்தியை மற்றது ஏற்கும் வடிவுக்கு மாற்றுவது நெறிமுறை மாற்றம். அதைச் செய்யும் கருவி கேட்வே. 1974இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளமிட்டது. 1977 நவம்பரில் வானொலி, செயற்கைக்கோள், ஆர்ப்பாநெட் என்ற மூன்று வலைகளும் கேட்வே வழியே இணைந்து இயங்கின.

இத்தகைய மாற்றம் வானிலைச் செய்திக்கும் வேண்டியிருக்கிறது. மரக்காணம் கரையில் அந்தச் செய்தி சோற்றுப் பிரச்சினை. உப்பளப் பாத்தியில் விளைந்த உப்பு ஒரு பெருமழைக்குக் கரைந்துபோகும். குப்பத்து மீனவர்களுக்கோ உயிரே பணயம். 1998இல், சற்றுத் தெற்கே, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் ‘தகவல் கிராமம்’ திட்டத்தைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத ஊர்களுக்கு வி.எச்.எஃப். வானொலி வழியே கணினித் தரவு போயிற்று. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் எடுத்த அலை உயரக் கணிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் தமிழாக ஒலித்தது. கடைசி மாற்றத்தை மனிதக் குரல்தான் செய்தது. இந்த வரலாற்றில் அதற்கும் கேட்வேக்குரிய இடத்தைத் தர வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியிலிருந்து நல்லவாடு என்ற மீனவக் கிராமத்து மக்கள் தப்பியது, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை அங்கிருந்த ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் சொன்னதால்.

ஆனால் ஒலிபெருக்கி கரையோடு நின்றுவிடும். கைபேசிச் சிக்னலும் ஏறக்குறைய 12 கி.மீ.க்கு அப்பால் கிடைப்பதில்லை. 2017இல் ஒக்கிப் புயல் உருவாகுமுன் ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமலே போயிற்று. அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2019 அக்டோபர் 9 அன்று ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. விமானங்களுக்கு வழிகாட்ட அமைத்த ககன் செயற்கைக்கோள் சேவைதான் இதன் பாதை. ககன் சிக்னல் நொடிக்கு 250 பிட் மட்டுமே சுமக்கும். அதிலும் செய்திக்குக் கிடைப்பது 212. மீதி ஒத்திசைவுக்கும் வகை எண்ணுக்கும் பிழைச் சோதனைக்கும் போய்விடும். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் தரும் புயல், அலை எச்சரிக்கைகள் இந்தச் சிறிய இடத்துக்குள்தான் அடங்க வேண்டும். படகிலுள்ள பெட்டி அதை வாங்கிப் புளூடூத்துக்கு மாற்றும். கைபேசிச் செயலி அதைப் பிரித்து வட்டார மொழியில் காட்டும். கடலில் இருப்பவர் மொபைல் டவரே இல்லாமல் எச்சரிக்கையைப் படித்துவிடலாம்.

இதன் பெருங்குறை, செய்தி ஒருவழியாக மட்டுமே வரும் என்பது. படகு கவிழ்ந்தால் ஜெமினியால் கரைக்குச் சொல்ல முடியாது. இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் பணி 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அவற்றின் வழியே மீனவர் கரைக்கு அபாயச் செய்தியும் அனுப்பலாம்.