பென்சில் முதல் செல்பேசி வரை: ‘ரீடச்’ வந்த வழி

வீடு காலியாகும்போது பெயின்டர் சொல்லும் ‘டச்சப்’, கல்யாண ஆல்பத்துக்கு ஸ்டூடியோக்காரர் சொல்லும் ‘ரீடச்’, அழகு நிலையத்தில் நரை தெரியும் வேருக்கு மட்டும் சாயம் பூசும் ‘ரூட் டச்சப்’, படப்பிடிப்பில் கண்ணாடியும் பவுடரும் ஏந்தி நடிகர் பக்கத்தில் நிற்கும் ‘டச்சப்’ உதவியாளர். எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். ‘ரீடச்’ ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ‘மறுபடி தொடுவது’ என்பதுதான் நேர்ப்பொருள். வரைந்து முடித்த ஓவியத்தில் ஓவியர் மீண்டும் தூரிகை வைத்தால் அது ரீடச்.

நமக்கு அதிகம் பழக்கம் பெயின்டரின் டச்சப்தான். ஆணி அடித்த இடத்தைப் பட்டி வைத்து அடைத்து, மிச்சம் வைத்த அதே டப்பா பெயின்ட்டைத் தடவினாலும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். பழைய பூச்சு வெயிலிலும் தூசியிலும் நிறம் மாறியிருக்கும். டப்பாவில் இருப்பது மாறியிருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்த பெயின்டர், மூலைக்கு மூலை அந்தச் சுவரை முழுசாக அடித்துவிடலாம் என்பார். (வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் அட்வான்ஸ் பணத்தில் தகராறு வருவதும் பெரும்பாலும் இந்தத் திட்டில்தான். அது வேறு கட்டுரை.)

இந்தச் சொல்லின் சுவையான வரலாறு புகைப்படத்தில் இருக்கிறது. 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் ஒரே உருவப்படத்தின் இரண்டு பிரதிகளை வைத்தார். ஒன்று எடுத்தது எடுத்தபடி. மற்றது, நெகட்டிவில் கைவேலை செய்து அச்சிட்டது. பார்த்தவர்கள் வியந்துபோனார்கள்.

அதற்கு ஒரு நியாயமான தேவையும் இருந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியை நன்றாகப் பதிவு செய்யும், சிவப்பை உணராது. முகத்தில் லேசாகச் சிவந்த பருவும் தழும்பும் நேரில் தெரிவதைவிடக் கறுப்பாகப் படத்தில் விழுந்துவிடும். ஆகவே ரீடச் செய்ததெல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. கேமரா கூட்டிக் காட்டியதைக் கை குறைத்தது. பிறகு அந்தக் கை, கேமரா சரியாகவே காட்டிய சுருக்கங்களையும் குறைக்கப் பழகிக்கொண்டது!

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பாகத் தெரியும் சுருக்கம், அதில் வெளிச்சம் ஊடுருவும் கோடாக இருக்கும். ரீடச் செய்பவர் சாய்வான மேசையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி அமைத்துக்கொள்வார். பென்சில் வழுக்காமல் பிடிப்பதற்காக அதன்மேல் ஒருவகை வார்னிஷ் தடவுவார். ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாக, சுழி சுழியாக நிரப்புவார். அச்சிட்டால் சுருக்கம் இருக்காது. ஓர் இடத்தைக் கறுப்பாக்க வேண்டுமானால் கத்தி முனையால் பூச்சைச் சுரண்டுவார். கை கொஞ்சம் அழுந்தினால் நெகட்டிவ் போயிற்று. இன்றைக்குப் போல ‘அன்டூ’ கிடையாது. தூசி விழுந்ததால் அச்சில் வந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் அடைப்பது தனி வேலை. அதற்கு ‘ஸ்பாட்டிங்’ என்று பெயர்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தால், கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புருவத்தில் கூடுதல் கறுப்பு, நகையில் மஞ்சள், உதட்டில் மெல்லிய சிவப்பு தெரிகிறதா? ஸ்டூடியோவில் யாரோ உட்கார்ந்து செய்த வேலை அது. சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளாமலே ஒருவர் இறந்துபோன பிறகு, தனித்தனிப் படங்களை ஒட்டித் தம்பதியாக்கிக் கொடுத்ததும் உண்டு. அப்படி ஒரு படம் உங்கள் பூஜை அறையிலேயே இருக்கலாம். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே கைத்திறன் அரசியலுக்குப் போனபோது கதை வேறு. சோவியத் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த நிக்கலாய் யெஷோவ், மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று உண்டு. யெஷோவ் 1940இல் சுட்டுக்கொல்லப்பட்டார். திருத்தி வெளியிட்ட படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் இருக்கிறது. பழைய பிரதி தப்பியதால்தான் நமக்கு இது தெரியும்.

பிறகு கணினி வந்தது. 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக, ‘நேஷனல் ஜியாகரபிக்’ பத்திரிகை எகிப்தின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கிவைத்து விமர்சனத்துக்கு ஆளானது. அகலவாக்கில் எடுத்த படம் உயரவாக்கு அட்டையில் அடங்கவில்லை, அவ்வளவுதான் காரணம். 1990இல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ‘போட்டோஷாப்’ விற்பனைக்கு வந்தபின், ‘ரீடச்’ என்றாலே அந்த மென்பொருள் என்றாகிவிட்டது.

ஓவியங்களைச் செப்பனிடுபவர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். ரோமில் சேசரே பிராண்டியின் தலைமையில் இயங்கிய மத்திய செப்பனிடும் நிறுவனத்தில், ஓவியம் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பினார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுசாகத் தெரியும். கிட்டே போனால் எது பழையது, எது நிரப்பியது என்று யாரும் சொல்லிவிடலாம். தேவைப்பட்டால் மூல ஓவியத்துக்குச் சேதமில்லாமல் அழித்தும்விடலாம்.

நம் செல்பேசிச் செயலிகளில் அந்த ஏற்பாடு இல்லை. மங்கிய படத்தைக் கொடுத்தால் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. ஆனால் படத்தில் இல்லாத கண்ணிமையும் பல்வரிசையும் எங்கிருந்து வந்தன? வேறு யார் யாருடைய முகங்களிலோ பழகிய மென்பொருள், ஊகித்து வரைந்தவை அவை. பாட்டியைப் போலவே இருக்கும், பாட்டி அல்ல. அவரை நேரில் பார்த்த உங்களுக்கு வித்தியாசம் தெரியும். பேரக் குழந்தைகளுக்கு அந்தப் படம்தான் பாட்டி.

வீட்டில் பழைய படங்களைச் சரிசெய்யக் கொடுப்பதானால் முதலில் இருக்கிறபடியே ஸ்கேன் செய்து, ‘மூலம்’ என்று பெயரிட்டுத் தனியே வையுங்கள். காகிதப் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். நம் இதழில் போட அனுப்பும்போது, கறை படிந்த மூலத்தையும் ரீடச் செய்ததையும் சேர்த்தே அனுப்புங்கள். 1855இல் பாரிஸில் வைத்ததுபோல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறோம்.