படியேறி அறிந்த இருதயம்

ஓய்ந்திருக்கும் இருதயம் தன் குறையை எளிதில் வெளியிடுவதில்லை. சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருப்பவரின் நாடி சீராகவே இருக்கும். அவரே மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகும். 1768ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் இந்நோயை விவரித்தபோது, நடக்கையில் தோன்றி, நின்றதும் மறைவதையே அதன் அடையாளமாகக் கூறினார். ஆயினும், உழைப்பையே ஒரு பரிசோதனையாக்குவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இருதயத்தின் நுண்ணிய மின்னோட்டத்தை வரையும் கருவியை ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில் எய்ந்தோவன் அமைத்து, 1924இல் நோபல் பரிசு பெற்றார். விந்தை யாதெனில், 1929இல் நியூயோர்க் வைத்தியர் ஆதர் மாஸ்ரர் தமது சோதனையை வெளியிட்டபோது அக்கருவியை நாடவில்லை. ஒன்பது அங்குல உயரமுள்ள இரண்டு படிகளே அவருக்குப் போதுமாயின. நோயாளி ஏறி, மறுபுறம் இறங்கி, மீண்டும் திரும்பி ஏறுவார். வயதுக்கும் நிறைக்கும் ஏற்ப ஏற்றங்களின் தொகை வகுக்கப்பட்டிருந்தது. பின்னர் நாடியும் இரத்த அமுக்கமும் அளக்கப்பட்டன. மின்வரைபு 1940களிலேயே இதனுடன் சேர்ந்தது. வரைபின் ஒரு பகுதி தாழ்ந்தால், இருதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்று கொண்டனர்.

படிச்சோதனை மலிவானது, ஆனால் எவரையும் அவரவர் எல்லைவரை அது கொண்டு சென்றதில்லை. சியற்றில் நகரத்து றொபேட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறை இக்குறையை நீக்கிற்று. ஓடும் பட்டையொன்றில் மணிக்கு 1.7 மைல் வேகத்தில், நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் நடை தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நடக்கும்போதே வரைபும் எடுக்கப்படும்.

நேயர்களே, அடைப்பைக் கண்டறியப் புகுந்த இச்சோதனை, காலப்போக்கில் ஆயுளையே முன்னறிவிக்கும் சோதனையாயிற்று. டியூக் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்கு வகுத்தனர்: நடந்த நிமிடங்களிலிருந்து, வரைபு மாறிய மில்லிமீற்றரின் ஐந்து மடங்கையும், நெஞ்சுவலிக்கு இட்ட எண்ணின் நான்கு மடங்கையும் கழிப்பர். 613 புறநோயாளரிடம் இதனைப் பிரயோகித்து, 1991இல் முடிவை வெளியிட்டனர். உயர்ந்த எண் பெற்றோரில் நூற்றுக்கு 99 பேர் நான்கு ஆண்டுகளின் பின்னும் உயிருடன் இருந்தனர். மிகத் தாழ்ந்த எண் பெற்றோரில் 79 பேரே எஞ்சினர்.

1999இல் கிளீவ்லாந்து வைத்தியர்கள் நடை முடிந்த பின்னர் வரும் ஒரு நிமிடத்தைக் கவனித்தனர். அந்நிமிடத்தில் நாடித்துடிப்பு பன்னிரண்டுக்கு மேல் குறையாதோரிடையே மரணம் மிகுந்திருந்தது. 2002இல் வெளியான, 6,213 ஆண்களைப் பற்றிய ஆய்வோ, ஒருவர் எவ்வளவு உழைக்க வல்லவர் என்பது புகைத்தலையும் நீரிழிவையும் இரத்த அமுக்கத்தையும் விட வலிய குறி என்று காட்டிற்று. அத்தனை காலமும் தாளிலுள்ள கோட்டையே உற்றுநோக்கியோர், அருகிலிருந்த மணிக்கூட்டைப் போதிய அளவு மதிக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

பெண்கள் விடயத்தில் இது மேலும் பாரதூரமானது. வரைபு தாழ்ந்த பெண்கள் பலரிடம் அடைப்பு எதுவும் இருப்பதில்லை. 1970களில் பரிசோதிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் தொடரப்பெற்ற, நோய்க்குறியற்ற 2,994 பெண்களின் முடிவு 2003இல் வெளியாயிற்று. வரைபின் தாழ்வு அவர்களது இருதய மரணத்தை முன்னறிவிக்கவில்லை. நடக்கும் வல்லமையும், நடந்த பின் நாடி தணியும் விரைவுமே முன்னறிவித்தன.