தடிமனுக்குப் பெயர் இல்லாத காலம்

திருகோணமலை வரலாறு எண்டால் எங்களுக்குச் சொல்லித் தந்தது துறைமுகமும் கோட்டையும்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக ஒப்புவிப்போம். கப்பலோடு வந்த நோய்களுக்கு அதில் இடமில்லை. அந்த நோய்களில் போன சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1918இல் இன்ஃப்ளுவென்சா பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி இந்தியா முழுக்கப் பரவியது. அதே ஆண்டு இலங்கைக்கும் வந்தது. 2014இல் சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திராவும் வெளியிட்ட ஆய்வு, இலங்கையின் இழப்பைச் சுமார் 307,000 பேர், அதாவது சனத்தொகையில் 6.7 சதவீதம் என்று மதிப்பிடுகிறது. முந்தைய மதிப்பீடுகள் இதைவிட மிகக் குறைவு. சனத்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும், இறப்புப் பதிவேட்டை நம்பி எண்ணுவதும் ஒன்றல்ல.

பதிவேடு இருக்கத்தான் செய்தது. பிறப்பு, இறப்புப் பதிவு இங்கே 1867இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் வைத்தியர் எட்டிப் பார்க்காத ஊர்களில் வீட்டுக்காரர் சொன்னதுதான் இறப்புக்குக் காரணம். கைக்குழந்தை என்றால் 'காய்ச்சல்' அல்லது 'வலிப்பு'. மூச்சு வாங்கி, நெஞ்சு உள்ளே இழுத்துச் செத்த பிள்ளையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

பதிவாளரைக் குறை சொல்லி என்ன? மனிதரில் இன்ஃப்ளுவென்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். இண்டைக்குக் கைக்குழந்தைகளை அதிகம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஆர்.எஸ்.வி. வைரஸ் முதலில் 1956இல் சிம்பன்சிகளில் அகப்பட்டது. அது பிள்ளைகளிலும் இருக்கிறது என்று தெரியவந்தது 1957இல். பிரித்தானியக் கடற்படை எங்கட துறைமுகத்தை ஒப்படைத்ததும் அதே ஆண்டுதான்.

சின்னமுத்தைப் பாருங்கோ. அதுவும் மூச்சுக்காற்றால் தொற்றுகிற வைரஸ்தான். ஆனால் தோலில் தெரிந்ததால் ஊரே பெயர் வைத்தது. 1984இல் தடுப்பூசியும் வந்தது. வெறும் இருமலாக வந்தவை எல்லாம் 'தடிமன்' ஆகிவிட்டன.

'தடிமன்தானே, போயிடும்' எண்டு நாங்கள் இப்பவும் சொல்கிறோம். பெரும்பாலும் போய்விடும். ஆனால் பிள்ளை வேகமாக மூச்செடுத்தால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால் ஆவி பிடித்துக்கொண்டு இருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். போனால், என்ன நோய் எண்டு கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கோ. 1918இன் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.