கொல்லிமலையில் வீட்டுக்கு 'பூமி வெப்ப பம்ப்' போடலாமா? செலவு, பராமரிப்பு, லாபம்... முழு விவரம்

வெளிநாட்டு வீடியோக்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். வீட்டுத் தோட்டத்தில் போர் போட்டு, அதற்குள் கறுப்புக் குழாயை இறக்குகிறார்கள். அதன்பிறகு குளிர்காலத்தில் வீடு கதகதப்பாகவும், கோடையில் ஜில்லென்றும் இருக்கிறது. குழாயில் வெந்நீரும் வருகிறது. இதற்குப் பெயர்தான் பூமி வெப்ப பம்ப், அதாவது 'ஜியோதெர்மல் ஹீட் பம்ப்'.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் கொண்டது. மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் பச்சைத் தண்ணீரில் கை வைக்கவே முடியாது. 'நம்ம வீட்டுக்கும் இது சரிப்படுமா?' என்று மலைமேல் வீடு, ஹோம்ஸ்டே கட்டுபவர்களுக்குத் தோன்றுவது இயல்புதான். பணத்தை இறக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

பூமி வெப்ப பம்ப் என்றால் என்ன?

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் இதற்குச் சரியான உதாரணம். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. வெப்ப பம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. மண்ணில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவரும். கோடையில் வீட்டு வெப்பத்தை எடுத்து மண்ணுக்குள் தள்ளும்.

ஒரு யூனிட் கரண்ட் செலவழித்தால் 3 முதல் 5 யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். கரண்டை நேரடியாக வெப்பமாக மாற்றாமல், ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுவதால்தான் இந்த மிச்சம்.

1912-ல் சுவிட்சர்லாந்தில் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. இன்று ஸ்வீடன் போன்ற கடுங்குளிர் நாடுகளில் ஏராளமான வீடுகளில் இது இருக்கிறது.

லடாக் திட்டமும் இதுவும் ஒன்றா?

இல்லை. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அங்கே பூமிக்கடியில் இருந்து வரும் கொதிநீராவியில் மின்சாரம் எடுக்க, 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி நிறுவனம் லடாக் நிர்வாகத்துடன் ஒப்பந்தம் போட்டது. அது மின் உற்பத்தி. அதற்குப் பூமிக்கடியில் கடும் வெப்பம் தேவை.

வீட்டு வெப்ப பம்புக்கு வெந்நீர் ஊற்று எதுவும் தேவையில்லை. சாதாரண மண்ணே போதும்.

கொல்லிமலை மண்ணுக்கடியில் எவ்வளவு வெப்பம்?

தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால், வெயில் காலம், மழைக் காலம் என்ற வித்தியாசமே பெரிதாக இருக்காது. அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பநிலை என்னவோ, கிட்டத்தட்ட அதுதான் மண்ணிலும் வருடம் முழுக்க இருக்கும்.

நாமக்கல் சமவெளியில் இது சுமார் 28 டிகிரி செல்சியஸ். 1,000 மீட்டர் மேலே ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் கொல்லிமலையில் மண்ணுக்கடியில் 21, 22 டிகிரி இருக்கும். வெப்ப பம்புக்கு இது மிக வசதியான வெப்பநிலை. ஸ்வீடனில் மண் இதைவிடப் பல மடங்கு குளிர்ச்சி.

இன்னொரு சாதகம், பாறை. கொல்லிமலை சார்னகைட் வகைக் கடினப் பாறையால் ஆனது. காய்ந்த மண்ணைவிடக் கடினப் பாறை வெப்பத்தை நன்றாகக் கடத்தும்.

எப்படி நிறுவுவார்கள்?

இரண்டு வழிகள் உண்டு.

* படுக்கை முறை: ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டிக் குழாயைப் பதிப்பது. இதற்கு நிறைய சமதள இடம் வேண்டும். சரிவும் பாறையுமாக இருக்கும் மலை நிலத்துக்கு இது ஒத்துவராது.

* செங்குத்து முறை: போர் போட்டு, 'யூ' வடிவ எச்டிபிஇ குழாயை இறக்குவது. ஒரு டன் ஏசி அளவுக்குத் தோராயமாக 150 முதல் 200 அடி ஆழம் தேவைப்படும். குழாய்க்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை பென்டோனைட் களிமண் கலவையால் நிரப்ப வேண்டும்.

போர் போடும் ஆட்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. நாடு முழுக்க ரிக் வண்டி அனுப்பும் திருச்செங்கோடு இதே மாவட்டம்தான். ஆனால் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வண்டி மேலே வர வேண்டும். அந்தச் செலவு தனி.

மலைப் பகுதியில் நிலத்தைத் தோண்டவும் கட்டவும் கட்டுப்பாடுகள் உண்டு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செம்மேட்டில் உள்ள அரசு அலுவலகங்களில் விசாரித்து, எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள்.

வத்திப்போன போர்வெல்லைப் பயன்படுத்தலாமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. பயன்படுத்தலாம், ஆனால் குழாயை மட்டும் இறக்கிவிட்டால் வேலை செய்யாது. சுற்றிலும் வெறும் காற்று இருந்தால் பாறையின் வெப்பம் குழாய்க்கு வந்து சேராது. போர் முழுவதையும் கலவையால் நிரப்ப வேண்டும். உள்ளே மண் சரிந்திருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழாயை இறக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த 2 வயதுக் குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. வேலை பாதியில் நின்றாலும் சரி, ஒரு ராத்திரி இடைவெளி என்றாலும் சரி, போரை இரும்பு மூடி போட்டு மூடாமல் விடவே கூடாது.

சரி, கரண்ட் பில் எவ்வளவு குறையும்?

இங்கேதான் முக்கியமான கணக்கு இருக்கிறது.

கொல்லிமலையில் ஏசி தேவைப்படுவது அபூர்வம். ரூம் ஹீட்டரும் சில வாரங்களுக்குத்தான். ஆக, மிச்சம் இருப்பது குளிக்க வெந்நீர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி தண்ணீரை 45 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்.

* சாதாரண கீசர்: ஒரு நாளைக்குச் சுமார் 4.4 யூனிட்
* காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் (3 மடங்கு): சுமார் 1.5 யூனிட்
* பூமி வெப்ப பம்ப் (4 மடங்கு): சுமார் 1.1 யூனிட்

கீசரில் இருந்து காற்று ஹீட் பம்புக்கு மாறினாலே மாதம் 85 யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதற்கு மேல் போர் போட்டு பூமி வெப்ப பம்பாக மாற்றினால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் சுமார் 11 யூனிட்தான்.

ஒரு யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் மாதம் 110 ரூபாய். போர், கேசிங், குழாய், கலவை, ஏற்றக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க 75 வருடம் ஆகும். குழாயின் ஆயுளே சுமார் 50 வருடம்தான்!

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பத்து ரூம் என்றால் மிச்சமும் கூடும், போரின் எண்ணிக்கையும் கூடும்.

அப்போ யாருக்கு இது லாபம்?

ஏசியும் வெந்நீரும் நாள் முழுக்க, பெரிய அளவில் தேவைப்படும் இடங்களுக்கு. மருத்துவமனை, பெரிய ஹோட்டல் போன்றவை. கோடையில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, 28 டிகிரி மண்ணுக்குள் வெப்பத்தைத் தள்ளுவது ஏசிக்குச் சுலபம். ஆனால் வருடம் முழுக்க வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால் மண்ணும் மெல்ல மெல்லச் சூடேறும். அதனால் சமவெளியில் போர்களை இடைவெளி விட்டு, பொறியாளரின் கணக்குப்படியே போட வேண்டும்.

எளிய மாற்று ஒன்றும் இருக்கிறது. குருகிராம் அருகே குவால் பஹாரியில் உள்ள டெரி நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தில், சுமார் 4 மீட்டர் ஆழத்தில் பதித்த சுரங்கக் குழாய்கள் வழியாகக் காற்றை இழுத்து அறைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆழத்தில் வருடம் முழுக்கச் சுமார் 26 டிகிரி.

ஏற்கெனவே போட்டிருந்தால் பராமரிப்பது எப்படி?

* குழாயை மூடும் முன் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். மூடிய பின் கசிவைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.
* குழாய் போகும் பாதையை வரைபடமாக்கி, போட்டோவுடன் பத்திரப்படுத்துங்கள். அதன்மேல் மரம் நடவோ, கழிவுநீர்த் தொட்டி தோண்டவோ கூடாது.
* மாதம் ஒருமுறை பிரஷர் மீட்டரைப் பாருங்கள். அளவு தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காதீர்கள்.
* வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் டேங்க்கில் படியும் உப்பை வருடம் ஒருமுறை நீக்க வேண்டும்.
* மலையில் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் இடி மின்னலும் உண்டு. ஸ்டெபிலைசர், சர்ஜ் பாதுகாப்பு, சரியான எர்த்திங் மூன்றும் அவசியம்.
* கேஸ் நிரப்புவதைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மட்டுமே செய்ய வேண்டும். புதிய வகை கேஸ்கள் சில தீப்பிடிக்கக் கூடியவை.
* இங்கே மண் உறையாது. எனவே குளிர்நாடுகளைப் போல உறைதடுப்பு ரசாயனம் தேவையில்லை. 'கட்டாயம் போடணும்' என்று யாராவது விற்றால் ஏன் என்று கேளுங்கள்.

முடிவாக...

தொழில்நுட்பத்தில் குறையில்லை. கொல்லிமலையின் பாறையும் அதற்கு ஏற்றதுதான். ஆனால் அங்கே ஒரு வீட்டுக்கான தேவை மிகக் குறைவு. வெயில் நன்றாக விழும் கூரை என்றால் சோலார் வாட்டர் ஹீட்டர், மேகமும் பனியும் மூடும் இடம் என்றால் காற்று ஹீட் பம்ப். இந்த இரண்டில் ஒன்றே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். யாராவது 'போர் போட்டால் கரண்ட் பில்லே வராது' என்று சொன்னால், மாதம் எத்தனை யூனிட் மிச்சமாகும் என்று பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.