நடக்காத மேட்சுக்குப் போனவர்கள்

போன மாரியில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு வான் பிடிச்சு, யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு உதைபந்தாட்டப் போட்டி ஒன்று பார்க்கப் போனோம். பூநகரி தாண்டவே மழை பிடித்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் கணுக்கால் அளவு வெள்ளம். மேட்ச் காலமையே ஒத்திவைக்கப்பட்டுவிட்டதாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வான் காசு போனது போனதுதான். ஒரு தேத்தண்ணிக் கடையில் நனைந்து நின்றபோது எங்களில் ஒருவன் கேட்டான்: "மேட்ச் நடக்கேல்லை எண்டு பேப்பரில ஒரு வரி வரும். நாங்கள் வந்தது எதில வரும்?"

அப்போது எல்லோரும் சிரித்தோம். ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி லேசில் விட்டுப்போகாது. கம்பஸுக்குத் திரும்பி வந்த பிறகு, நாங்கள் இரவிரவாக விழித்திருந்து பார்க்கிற இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் பழைய பருவங்களைத் தேடி வாசித்தோம். அங்கே ஒரு முழுப் பருவமே இப்படி நின்றுபோயிருக்கிறது. அது 1962-63 குளிர்காலம்.

1962 டிசெம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு அடுத்த நாள், பனி கொட்டத் தொடங்கியது. டிசெம்பர் 29, 30 ஆகிய நாட்களில் தென்மேற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பனிப்புயல் அடித்தது. காற்று சேர்த்துக் குவித்த பனிமேடுகள் சில இடங்களில் 20 அடிக்கு உயர்ந்தன. மத்திய இங்கிலாந்தில் 1963 ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை. 20ஆம் நூற்றாண்டில் அங்கே பதிவான ஆகக் குளிரான மாதம் அதுதான். கென்ட் கரையோரத்தில் கடலே உறைந்தது. மார்ச் முதல் வாரம் வரை அந்தக் குளிர் விடவில்லை. பனியை மூவிலும் ரீவியிலும் மட்டும் பார்த்த எங்களுக்கு இதைக் கற்பனை செய்வதே கஷ்டம். கிணற்றடி முதல் கடற்கரை வரை எல்லாம் கல்லாகிப்போய் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தால் எப்படியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ.

அந்தப் பருவத்தின் எஃப்.ஏ. கப் மூன்றாம் சுற்று ஜனவரி 5ஆம் திகதி நடக்க வேண்டியது. மொத்தம் 32 போட்டிகள். அன்றைக்கு நடந்தவை 3. மிச்சத்தை முடிக்க மார்ச் 11 வரை எடுத்தது, அதாவது 66 நாள். அந்த ஒரு சுற்றில் மட்டும் 261 ஒத்திவைப்புகள். லிங்கன் சிற்றிக்கும் கொவென்ட்ரி சிற்றிக்கும் இடையிலான போட்டி 15 தடவை தள்ளிப்போனது. ஸ்கொட்லாந்தில் எயாட்ரி அணிக்கும் ஸ்ட்ரான்ரேயர் அணிக்கும் இடையிலான கப் போட்டி 33 தடவை. மே 4ஆம் திகதி நடக்க வேண்டிய எஃப்.ஏ. கப் இறுதிப்போட்டி மே 25க்குப் போனது. அதில் மன்செஸ்டர் யுனைட்டட் 3-1 என்று லெஸ்டரை வென்றது.

இந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்கிற பகிடிக் கதைகள் உண்டு. நோர்விச்சில் பனியை உருக்க நெருப்பு வீசும் கருவியைக் கொண்டுவந்தார்கள். உருகின தண்ணி திரும்பவும் உறைந்தது. ஹலிஃபக்ஸ் ரவுன் கழகம் தன் மைதானத்தைச் சறுக்கு விளையாட்டுக்குத் திறந்துவிட்டு, வந்தவர்களிடம் காசு வாங்கியது. பிளக்பூல் வீரர்கள் தங்கள் மைதானத்திலேயே சறுக்கி விளையாடுகிற படம் இன்றும் சுற்றுகிறது. எல்லாம் உண்மைதான், வாசிக்கச் சிரிப்பும் வருகிறது. ஆனால் இந்தக் கதைகள் எல்லாம் மைதானத்துக்கு உள்ளேயே நிற்கின்றன. கேற்றுக்கு வெளியே நின்றவர்களை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

எவே மேட்ச் என்றால் மற்ற அணியின் ஊருக்குப் போய் ஆடுகிற மேட்ச். அணியோடு சேர்ந்து போகிற ரசிகனுக்கு அது ஒரு முழுநாள் வேலை. 1963இல் எப்படிப் போனார்கள்? சிலர் வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் போனார்கள். கனபேர் ரயிலில். மேட்ச் நாட்களில் பிரித்தானிய ரயில்வே குறைந்த கட்டணத்தில் விசேட ரயில்கள் விட்டது. அவற்றுக்குப் பெரும்பாலும் பழைய பெட்டிகள்தான் கொழுவப்பட்டன. பெட்டிகளுக்குச் சூடு எஞ்சினிலிருந்து குழாய் வழியாக வருகிற நீராவியில். கடும் குளிரில் அந்தக் குழாயே உறைந்துவிடும். தண்டவாளம் பிரிகிற இடங்களில் பனி இறுகி, ரயிலைப் பாதை மாற்ற முடியாமல் போகும். டீசல் எஞ்சின்களில் எண்ணெய் தடித்துப்போகும். ரயில் புறப்பட்டாலும் எப்போது போய்ச் சேரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

மேட்ச் நடக்குமா இல்லையா என்பதை மைதானத்தைப் பார்த்து நடுவர் முடிவு செய்வார். பல வேளைகளில் அது மேட்ச் அன்று காலமைதான். பெரும்பாலான வீடுகளில் அப்போது தொலைபேசி இல்லை. வானொலியில் சொல்வார்கள், அதைக் கேட்க நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். தூரத்து மேட்சுக்குப் போகிறவர் காலமை வெள்ளனவே வெளிக்கிட்டிருப்பார். செய்தி வருகிற நேரம் அவர் பாதி வழியில். மன்னாருக்குப் போன வானில் நாங்கள் இருந்த மாதிரித்தான்.

இது அலைச்சலோடு மட்டும் முடிகிற விசயம் அல்ல. பனி தொடங்கிய அதே டிசெம்பர் 26ஆம் திகதி இரவு, க்ரூவுக்குப் பக்கத்தில் இரண்டு பயணிகள் ரயில்கள் மோதி 18 பேர் இறந்தார்கள். உறைந்த தண்டவாள இணைப்புகளால் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதித்து நின்ற இரவு அது. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1958 பெப்ரவரி 6ஆம் திகதி, மன்செஸ்டர் யுனைட்டட் பெல்கிரேட்டில் எவே மேட்ச் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில் மியூனிக் ஓடுபாதையில் விமானம் விபத்துக்குள்ளானது. இறந்த 23 பேரில் வீரர்கள் 8 பேர், பத்திரிகையாளர்கள் 8 பேர். அணியோடு கூடப் போயிருந்த ஒரு ரசிகரும் அதில் இருந்தார். ஓடுபாதையில் கிடந்த பனிச்சேறுதான் காரணம் என்று பிரித்தானிய விசாரணை ஏற்றுக்கொண்டு விமானியை விடுவிக்க 1969 வரை எடுத்தது. எங்களில் பலருக்கு அந்த வீரர்களின் பெயர்கள் பாடம். அந்த ரசிகரைப் பற்றி இதை எழுத வாசிக்கும் வரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

இனிக் காசுக் கதைக்கு வருவோம். 1963 ஜனவரியில் உதைபந்தாட்டம் நின்றபோது உண்மையில் பதறியது யார்? பூல்ஸ் கம்பனிகள். எங்கட ஊரில் புக்கிக் கடையில் இங்கிலாந்துக் குதிரைகளுக்குக் காசு கட்டுகிறார்களே, அதுபோல அங்கே எந்த மேட்ச் சமநிலையில் முடியும் என்று ஊகித்து ஒரு தாளில் குறித்துக் காசு கட்டுவார்கள். இலட்சக்கணக்கான குடும்பங்களில் அது வாராந்தப் பழக்கம். லிட்டில்வூட்ஸ், வேர்னன்ஸ் போன்ற லிவர்பூல் கம்பனிகள் அதில் பெரிதாக வளர்ந்தன. மேட்ச் இல்லையென்றால் பந்தயமும் இல்லை. மூன்று சனிக்கிழமைகள் அப்படியே வீணாகப் போயின.

நான்காவது கிழமைக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஜனவரி 26ஆம் திகதி லண்டனில் ஒரு மண்டபத்தில் ஒரு குழு கூடியது. தலைவர் பிரபஸன் பிரபு. கூட இருந்தவர்கள் டொம் ஃபின்னி, டொமி லோட்டன், ரெட் ட்ரேக், ஜோர்ஜ் யங் என்ற முன்னாள் வீரர்களும், ஆர்தர் எல்லிஸ் என்ற முன்னாள் நடுவரும். அவர்களது வேலை, நடக்காத மேட்ச் நடந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று முடிவு சொல்வது. முதல் நாளே 38 போட்டிகளுக்கு அப்படி முடிவு சொன்னார்கள். பந்து உருளவில்லை, ஒருவரும் ஓடவில்லை, ஆனால் முடிவு வந்துவிட்டது. அந்தக் குழு பிறகு நிரந்தரமாகவே நிலைத்துவிட்டது.

இதில் எங்களைத் தைத்த விசயம் அந்த வேகம். கம்பனிகளின் வருமானம் நின்றபோது, இல்லாத மேட்சையே உண்டாக்குகிற ஒரு ஏற்பாட்டை ஒரு மாதத்துக்குள் செய்ய முடிந்திருக்கிறது. உறைந்த ரயில் நிலையத்தில் நின்று திரும்பியவர்களுக்காக அப்படி ஒரு குழுவும் கூடவில்லை. அதே குளிரில் கட்டட வேலைகள் நின்று பலர் வீட்டோடு இருந்தார்கள். பெப்ரவரியில் வேலையற்றோர் தொகை 8 இலட்சத்தைத் தாண்டியது. ரயில் காசு கரியாய்ப் போனவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள்தானே.

ரசிகனை யோசித்த ஆட்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த 15 தடவைக் கதையில் வந்த கொவென்ட்ரியையே எடுங்கோ. கார் தொழிற்சாலைகளின் நகரம் அது. அணி அப்போது மூன்றாம் பிரிவில். முகாமையாளர் ஜிம்மி ஹில். கடைசியில் மார்ச் முதல் வாரத்தில் லிங்கனுக்குப் போய் 5-1 என்று வென்றார்கள். தள்ளிப்போட்டதெல்லாம் அதன் பிறகு ஒரேயடியாக வந்து விழுந்தது. போர்ட்ஸ்மவுத்தோடு முடிவு காண மூன்று தடவை ஆட வேண்டி வந்தது, மூன்றாவது தடவை லண்டனில். பிறகு சண்டர்லண்ட். மார்ச் 30ஆம் திகதி மன்செஸ்டர் யுனைட்டட்டிடம் 3-1 என்று தோற்று வெளியேறினார்கள். நான்கு கிழமைக்குள் ஆறு கப் போட்டிகள்! ஷிஃப்ட் வேலை செய்கிற ஒருவர் இதற்கெல்லாம் எப்படி லீவும் காசும் தேடியிருப்பார் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்.

ஹில் கொவென்ட்ரியில் இருந்த காலத்தில் ரசிகர்களுக்கென்று கழகத்தின் பெயரிலேயே விசேட ரயில் விட்டார். அதற்கு ஸ்கை புளூ என்று அணியின் வான்நீல நிறத்தின் பெயர். 1965 ஒக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அணி கார்டிஃபில் எவே மேட்ச் ஆட, அதைக் கொவென்ட்ரியின் சொந்த மைதானத்தில் பெரிய திரைகள் கட்டி நேரடியாகக் காட்டினார்கள். 10,000க்கு மேற்பட்டோர் காசு கொடுத்து வந்து திரையைப் பார்த்துக் கத்தினார்கள். ஒரு விதத்தில் நாங்களும் அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான். ஹொஸ்டலில் ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து பார்க்கிறோமே, அதுவும் காலநிலை தொட முடியாத ஒரு எவே பயணம்தான். ஆனால் திரை வந்த பிறகு மேட்ச் நேரங்களைத் திரைக்காக மாற்றத் தொடங்கினார்கள். ரயிலேறிப் போகிற ரசிகனுக்கு அது புதுத் தலையிடி.

ரயிலுக்கும் அதே மார்ச்சில் அடி விழுந்தது. 27ஆம் திகதி ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை வெளியானது. 2,300க்கு மேற்பட்ட நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் பாதையையும் மூடச் சொல்லியது அது. வருடத்தில் சில நாட்கள் மட்டும் ஓடுகிற ஆயிரக்கணக்கான பெட்டிகளை வைத்திருப்பது நட்டம் என்றும் கணக்குக் காட்டியது. கணக்கு பிழையில்லை. ஆனால் அந்தச் சில நாட்களில்தான் மேட்ச் நாளும் வரும், விடுமுறை நாளும் வரும். சாதாரண சனம் ஊர்விட்டு ஊர் போகிற நாட்கள் அவை. விசேட ரயில்கள் அடுத்த நாளே நின்றுவிடவில்லை, ஆனால் பழைய பெட்டிகளைச் சும்மா வைத்திருந்து காலமைக்குக் காலமை கொழுவி அனுப்புகிற காலம் முடியத் தொடங்கியது.

ரசிகர்களின் குரல் மேசைக்கு வர இன்னும் பல வருடம் எடுத்தது. ரிக்கெற் விலைக்கு எதிராக ரசிகர் அமைப்புகள் வருடக்கணக்காகக் கத்திய பிறகு, 2016இல்தான் பிரீமியர் லீக் கழகங்கள் எவே ரிக்கெற்றுக்கு 30 பவுண் என்று உச்சவரம்பு வைக்க ஒத்துக்கொண்டன. 1963க்குப் பிறகு 53 வருடம். பூல்ஸ் கம்பனிகளுக்கு மூன்று சனிக்கிழமை போதுமாயிருந்தது.

நாங்கள் இதில் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். ஒத்திவைப்பு என்ற சொல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கழகத்துக்கு அது இன்னொரு திகதி. கம்பனிக்கு அது தீர்க்க வேண்டிய ஒரு பிரச்சினை. வீட்டிலிருந்து வெளிக்கிட்டுவிட்ட ஆளுக்கு மட்டும் அது திரும்பி வராத ஒரு நாள். 66 நாள், 261 ஒத்திவைப்பு என்று எழுதுகிற வரலாற்றில் அந்த நாட்களுக்கு ஒரு நிரல் இல்லை.

இங்கிலாந்தில் அன்று வீட்டில் போன் இல்லை என்று ஒரு காரணமாவது இருந்தது. மன்னாருக்குப் போன அன்று எங்கள் பதினொரு பேரின் கையிலும் போன் இருந்தது. போட்டியை நடத்தியவர்களின் கையிலும் இருந்திருக்கும். மழைக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் "வராதேங்கோ, மேட்ச் இல்லை" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி போடுவதற்கு, வருகிறவர்களும் இந்த விளையாட்டின் ஆட்கள்தான் என்ற நினைப்பு முதலில் வேண்டும். தேத்தண்ணிக் கடையில் கேட்ட நண்பனுக்கு எங்கட பதில்: நாங்கள் போனது எதிலும் வராது, நாங்களே எழுதினால் தவிர. அதுதான் இதை எழுதினோம்.